நாலு நூல் விலகல்: வளைந்த குவாட் பைக் ஃபிரேமைச் சரிசெய்த அனுபவம்

அலங்காநல்லூர் பக்கம் எங்களுக்குத் தென்னையும் கொய்யாவுமாக ஒரு தோப்பு இருக்கிறது. பெரியாறு கால்வாயின் கிளை வாய்க்கால் அதை ஒட்டிப் போகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம் என்பதால், தண்ணீர் திறந்துவிட்டால் வரப்பெல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். டிராக்டரை உள்ளே விட்டால் பாத்தி குலையும். மொபெட் சேற்றில் வழுக்கும். அதற்காகத்தான் கொடைக்கானலில் ஒரு விடுதியில் ஓடிக்கொண்டிருந்த 125 சிசி நாலு சக்கரக் குவாட் பைக்கைப் பழையதாக வாங்கினேன். சீனத் தயாரிப்பு. பின்னால் சின்ன டிரெய்லர் ஒன்றைக் கோத்து உரமூட்டை, தேங்காய், மருந்து டிரம் எல்லாம் அதில்தான் போகும். பதிவு இல்லாத வண்டி, தோப்பைவிட்டு ரோட்டுக்கு ஏறாது.

சென்ற வருடம் ஆவணியில் அக்கா மகன் வரப்பு முக்கில் திரும்பும்போது இடது முன்சக்கரத்தை மதகுச் சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், முழங்கால் சிராய்ப்போடு தப்பினான். அந்த மதகைக் கடக்கும்போது எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் ஏற்றிக்கொண்டு போனோம். இடது கீழ் ஏ-ஆர்ம், அதாவது சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கிற கை, கண்ணுக்குத் தெரிய வளைந்திருந்தது. புதுசு மாட்டினார், ஹேண்டிலோடு சக்கரத்தைத் திருப்புகிற டை-ராடு கம்பியை மாற்றினார், சக்கரத்தை நேராக்கி அனுப்பினார். இரண்டு மாதம் ஓட்டினோம். "மாமா, ஹேண்டிலை லேசா விட்டாலே இடது பக்கம் இழுக்குது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். டயரில் காற்றுக் கூடுதல் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு இடது டயரின் உள்விளிம்பில் பட்டன் தேய்ந்து மொட்டையானது. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது, முன் குறுக்குக் குழாய் இடது கீழ்க் குழாயோடு சேரும் மூலையில் பெயிண்டில் ஒரு துருக்கோடு தெரிந்தது. தலைமுடி கனம்தான். ஆனால் இரும்பு பிளக்காமல் அப்படி ஒரு கோடு வராது.

புது ஃபிரேம் கேட்டுப் பார்த்தேன். வண்டி வாங்கிய விலையில் பாதி சொன்னார்கள், வந்து சேர மூன்று மாதம் என்றார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற வண்டியாக இருந்திருந்தால் இந்த வேலையை நான் பட்டறையில் தொடங்கியிருக்க மாட்டேன். சேஸ் எண் குத்திய குழாயை அறுப்பதும் மாற்றுவதும் ஆர்.டி.ஓ. வரைக்கும் போகிற சமாச்சாரம். இது தோப்பு வண்டி என்பதால் மட்டுமே சரிசெய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை அண்ணன் இருக்கிறார். கரும்பு டிரெய்லர்களுக்குப் பற்றவைத்தே கை பழகியவர். வண்டியைப் பார்த்ததும் ராடை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் டேப்பைத்தான் எடுத்தார். "எங்க வளைஞ்சிருக்குன்னு அப்புறம் பாப்போம் தம்பி. எது வளையலைன்னு மொதல்ல கண்டுபிடி." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிரிப்பது ஒரு நாள் வேலை. பிளாஸ்டிக் கவர், சீட், பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சி.டி.ஐ. யூனிட், வயரிங், எஞ்சின் என்று எல்லாம் கழன்றன. ஒவ்வொரு வயர் முனையிலும் டேப் ஒட்டி எண் எழுதினோம், கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொண்டோம். பேட்டரியையும் சி.டி.ஐ.யையும் கழற்றாமல் வண்டிமேல் வெல்டிங் அடிக்கவே கூடாது. அந்தக் கரண்ட் எந்த வழியாகப் போகும் என்பது நம் கையில் இல்லை.

வெறும் ஃபிரேமைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் பார்த்தோம். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. சந்தேகமான மூட்டுகளில் டீசலைத் தடவி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு துணியால் வறட்டித் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பஞ்சில் தொட்டு மேலே ஒற்ற வேண்டும். விரிசலுக்குள் புகுந்த டீசல் மெதுவாக மேலே ஊறி வெள்ளைப் பொடியை நனைக்கும். நான் பார்த்த துருக்கோடு கட்டைவிரல் நக நீளம்தான் இருந்தது. பொடியில் எழுந்த ஈரக்கோடு அதைப்போல இரண்டு மடங்கு. வெல்டின் ஓரத்தில் தொடங்கி குழாயின் அடிப்பக்கம்வரை சுற்றிப் போயிருந்தது. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அந்த மூலையை நம்பித்தான் இரண்டு மாதமாக அவனை ஓட்டவிட்டிருந்தேன்.

அளவெடுத்தது எங்கள் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில். கொத்தனார்கள் வைத்திருக்கிற தண்ணி டியூப்பால் மட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் ஆப்பு வைத்து, பின்பக்கத்தை அடிப்படையாகக் கொண்டு ஃபிரேமை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்தோம். விடியற்காலையில் காற்று எழுமுன் செய்ய வேண்டிய வேலை இது. அப்படியும் குண்டு ஆடியது. அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை அடியில் வைத்துக் குண்டை அதற்குள் முங்கவிட்டார். ஆட்டம் அப்படியே அடங்கியது. நூலின் இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் புள்ளியைத் தரைக்கு இறக்கினார். ஃபிரேமைத் தூக்கி ஓரமாக வைத்தபோது அதன் நிழல் மாதிரி பதினான்கு புள்ளிகள் களத்தில் இருந்தன. புள்ளிகளைக் கோட்டால் சேர்த்ததும் கோணல் எங்கே என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

மனை போடும்போது கொத்தனார் பார்க்கிற மூலைவிட்டம்தான் இங்கேயும். பின்பக்கம், அதாவது பின்சக்கரங்களைத் தாங்குகிற ஸ்விங்-ஆர்மின் போல்ட்டும் எஞ்சின் மவுண்ட்களும் சேர்ந்த சதுரத்தில், இரண்டு மூலைவிட்டத்துக்கும் 1 மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. அது வளையாத இடம். இனி எல்லா அளவும் அங்கிருந்துதான். வலது பின் மூலையிலிருந்து வலது முன் ஏ-ஆர்ம் பிராக்கெட் வரை 640 மி.மீ. இருந்தது. இடது பக்கம் அதே தூரம் 626. மூலைவிட்டம் ஒன்று 687, மற்றது 674. பட்டறைக் கணக்கில் சுமார் நாலு நூல், அதாவது அரை அங்குலம் விலகல். போதாததற்கு இடது பிராக்கெட் 8 மி.மீ. மேலேயும் ஏறியிருந்தது. மேல் ஏ-ஆர்மின் பிராக்கெட் இரண்டு பக்கமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இடது பக்கம் இழுத்த காரணம் அப்போதுதான் விளங்கியது. சைக்கிள் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதால்தான் ஹேண்டில் தானாக நேருக்கு வருகிறது. இந்த வண்டியிலும் சக்கரத்தைத் தாங்கும் மேல் மூட்டு கொஞ்சம் பின்னாலும் கீழ் மூட்டு கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குக் கேஸ்டர் என்று பெயர். கீழ் மூட்டு மட்டும் 14 மி.மீ. பின்னால் போனதில் இடது பக்கச் சாய்வு குறைந்துவிட்டது. சாய்வு குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். டை-ராடைத் திருகித் திருகிச் சக்கரத்தை எத்தனை நேராக்கினாலும் இது போகாது. சக்கரம் பார்வைக்கு நேராகிவிடும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

நிமிர்த்துவதற்கு, பட்டறையில் கிடந்த நாலு அங்குல சி-சேனல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மேடை செய்தோம். வளையாத பின்பக்கத்தை அதில் நான்கு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். முன்னால் இடது பிராக்கெட்களின் ஓட்டைகள் வழியே 12 மி.மீ. பிரைட் பார் ஒன்றைச் செருகி, அந்தக் கம்பியில் செயின் பிளாக்கை மாட்டினோம். பிராக்கெட் காதில் கொக்கியை நேராக மாட்டினால் குழாய் வராது, காதுதான் கிழிந்து வரும். இழுக்கும்போது செயின்மேல் நனைத்த கோணிச்சாக்கைப் போட்டுவைத்தோம். அது அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். நேர் எதிரே யாரையும் நிற்கவிடவில்லை.

சூடு காட்டாமல்தான் முதலில் இழுத்தோம். விலகல் பூஜ்யத்துக்கு வந்தது. செயினைத் தளர்த்தியதும் 9 மி.மீ.க்குத் திரும்பிப் போனது. இரும்பு அப்படித்தான், கொஞ்சம் தாண்டி இழுத்தால்தான் நாம் நினைத்த இடத்தில் நிற்கும். இரண்டாவது முறை 6 மி.மீ. தாண்டி இழுத்தோம், 5-இல் நின்றது. மூன்றாவது முறை 10 மி.மீ. தாண்டி இழுத்து விட்டதில் 3-இல் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் பேசாமல் குனிந்து, எஞ்சின் மவுண்டுக்கு முன்னால் குழாய் மடங்கியிருந்த இடத்தில் விரலை ஓட்டினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். குழாயின் அடிவயிறு சப்பிப்போய், தோல் சுருங்கின மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. ஒரு மடிப்பில் நகம் மாட்டியது.

"அளவு வந்துருச்சு தம்பி, உசுரு போயிருச்சு. இதுக்குமேல அங்கிட்டு இங்கிட்டு இழுத்தா இங்கனதான் கிழியும். இந்தத் துண்டை எடுத்துருவோம்."

லேசாக நீண்டு வளைந்த குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தலாம். மடிந்து சப்பிப்போன குழாயை நிமிர்த்தினாலும் அது பழைய குழாய் ஆகாது. மடிப்பில் இரும்பு இறுகிப்போய்விடுகிறது. வட்டம் போனதால் பளு தாங்கும் திறனும் போய்விடுகிறது. அதன்மேல் பட்டை வைத்து மூடிப் பற்றவைக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியானால் மூன்று முறை இழுத்தது வீணா என்றால் இல்லை. அந்த இழுப்பில் முன் குறுக்குக் குழாயும் பிராக்கெட்களும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. இழுக்காமல் முதலிலேயே அறுத்திருந்தால் கோணலோடேயே புதுத் துண்டைப் பொருத்தியிருப்போம்.

கட்டிங் வீலால் மடிப்பின் இரண்டு பக்கமும் 45 டிகிரிச் சாய்வில் அறுத்து 180 மி.மீ. துண்டை எடுத்தோம். நேராக அறுத்தால் வெல்டு முழுவதும் ஒரே வட்டத்தில் விழும், அந்த வட்டத்திலேயே முறியவும் முறியும். சாய்வாக அறுத்தால் அது நீளவாக்கில் பரவும். கடைசி இணுக்கு அறுபட்டதும் டக்கென்று ஒரு சத்தம், முன்பக்கம் தானாக 2 மி.மீ. நகர்ந்தது. அத்தனை நாளும் அந்த இழுவிசை உள்ளுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அறுத்த துண்டைக் கவிழ்த்துத் தட்டியபோது உள்ளேயிருந்து செந்துருப் பொடியும் உடைந்த குளவிக்கூடும் கொட்டின. மீதியிருந்த 1 மி.மீ.யைச் சின்ன ஜாக்கி வைத்துத் தள்ளி, களத்துப் புள்ளிகளோடு மறுபடி ஒத்துப்பார்த்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தற்காலிகக் கம்பிகளைக் குறுக்கே டேக் அடித்து, அதாவது பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, நிறுத்தினோம்.

அசல் குழாய் வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 2 மி.மீ., நம் ஊர்க் கணக்கில் ஓர் அங்குலம் 14 கேஜ். டவுன் இரும்புக்கடையில் 16 கேஜ்தான் கையில் இருக்கிறது என்றார்கள். 0.4 மி.மீ. சின்ன வித்தியாசமாகத் தெரியும், சுவரில் அது ஐந்தில் ஒரு பங்கு. வேண்டாம் என்று அலைந்து 14 கேஜ்தான் வாங்கினேன். தண்ணிக்குழாய் மீதம் இருக்கிறது, அதையே போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஜி.ஐ. குழாயில் இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் கண்டுவிடும். வெல்டிலும் ஓட்டை ஓட்டையாக விழும். ஃபிரேமுக்கு எப்போதும் கறுப்புக் குழாய்தான்.

அந்தத் துண்டு நேரானது இல்லை, நடுவில் சுமார் 12 டிகிரி மேல்நோக்கி வளைய வேண்டும். வெறும் குழாயை வளைத்தால் சப்பிப்போகும். பழைய முறைப்படி மணல் நிரப்பினோம். மணலை இரும்புச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிற மாதிரி கிளறிக்கிளறி வறுத்தார் அண்ணன். நான் அவசரப்பட்டபோது, "ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் வெடி தம்பி" என்றார். உண்மைதான். இரண்டு முனையும் அடைத்த குழாயைப் பழுக்கக் காய்ச்சும்போது உள்ளே ஈரம் இருந்தால் நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி தள்ளிவிடும். ஒரு மீட்டர் குழாயில் சூடான மணலைத் தட்டித்தட்டி நிரப்பி, மரக்கட்டையால் முனைகளை அடைத்து, நடுவை மங்கல் சிவப்புக்குக் காய்ச்சி மெதுவாக வளைத்தோம். வட்டம் குலையவில்லை. வளைந்த நடுப்பகுதியிலிருந்து வேண்டிய 180 மி.மீ.யை அறுத்துக்கொண்டோம். நீளக் குழாயை வளைத்துவிட்டு அறுப்பதுதான் சுலபம். சின்னத் துண்டுக்குப் பிடி கிடைக்காது.

இரண்டு மூட்டுக்கும் உள்ளே ஸ்லீவ், அதாவது இரண்டு குழாயையும் உள்ளிருந்து சேர்த்துப் பிடிக்கிற சின்னக் குழாய், வேண்டும். குழாயின் உள்விட்டம் 21.4 மி.மீ. அரை அங்குலக் குழாய் என்று கடையில் சொல்கிற குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மி.மீ. தேடிச் செய்த மாதிரி பொருந்துகிற ஜோடி. அதிலும் கறுப்புக் குழாய், கனமான சி-கிளாஸ் பார்த்து வாங்கி, கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் கொடுத்து 21.2-க்குக் கடைந்து 100 மி.மீ. நீளத்தில் இரண்டு செய்தேன். அப்படியும் உள்ளே ஏறவில்லை. குழாயின் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு தையல் மேடு ஓடுகிறது. மில்லில் தகட்டைச் சுருட்டி ஒட்டிய தடம் அது. அதற்கு வழிவிட ஸ்லீவில் ஓர் ஓடை அரம்போட்டதும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டு முனையும் அசையாமல் நிற்கிற இடைவெளிக்குள் ஸ்லீவை எப்படிச் செருகுவது? பழைய குழாயின் பக்கவாட்டில் 8 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளத்துக்கு ஒரு நீள் துளை வெட்டினோம். ஸ்லீவை முழுதாகப் பழைய குழாய்க்குள் தள்ளிவிட்டு, புதுத் துண்டை இடையில் வைத்து, நீள் துளை வழியே ஆணியால் ஸ்லீவைத் தள்ளிக்கொண்டுவந்து பாதி அங்கே பாதி இங்கே என்று நிறுத்தினோம். துளையை மேலேயோ கீழேயோ வெட்டக்கூடாது. பளு வரும்போது குழாயின் மேலும் கீழும்தான் இழுபடும், பக்கங்களில் அவ்வளவு இல்லை. புதுத் துண்டில் வட்டத் துளைகள் இரண்டிரண்டு போட்டு, எல்லாத் துளைகளையும் கடைசியில் வெல்டால் நிரப்பினோம்.

பற்றவைத்தது இன்வெர்டர் மெஷினில், 2.5 மி.மீ. 6013 ராடு, 70 ஆம்பியர். மூட்டுக்கு நான்கு டேக் எதிரெதிரே வைத்துவிட்டு அளந்தோம். சரி. முதல் கால்வட்டம் முழுதாக அடித்துவிட்டு அளந்தால் பிராக்கெட் 2 மி.மீ. மேலே போயிருந்தது. வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அடுத்த கால்வட்டத்தை நேர் எதிர்ப்பக்கம் அடித்து, ஆறவிட்டு அளந்தோம், 1-க்கு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் அடிப்பது, ஆறவிடுவது, அளப்பது என்றே போனது. பற்றவைத்த நேரத்தைவிட உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். பட்டறைப் பையன் வாளியோடு வந்தபோது அண்ணன் சத்தம் போட்டுத் தடுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றித் திடீரென்று குளிரவைத்தால் கோணலும் வரும், வெல்டு ஓரம் முறுகவும் செய்யும். முடிந்தபின் மேடு தெரிகிறதே என்று கிரைண்டரால் மழிக்கவும் விடவில்லை. அழகுக்காக வெல்டைச் சீவுவது பலத்தைச் சீவுவது என்றார்.

விரிசல் மூலைக்குத் தனிக் கவனம் கொடுத்தோம். விரிசலின் இரண்டு நுனியையும் சாக்பீஸ் பொடியால் மறுபடி கண்டுபிடித்து, அங்கே 3 மி.மீ. துளை போட்டோம். கூர் நுனி வட்டமானால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு கோட்டை வி வடிவத்தில் அடிவரை குடைந்து நிரப்பி, மேலே 3 மி.மீ. தகட்டில் மாங்காய்க் கீற்று வடிவில் ஒரு தாங்கு தகடு வைத்தோம். கீற்றின் ஓரத்தில் குழாய்க்குக் குறுக்காக வெல்டு போகாமல் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் ரெட் ஆக்சைடு, கறுப்பு எனாமல். எல்லா வெல்டும் முடிந்து ஆறிய பிறகு, குழாய்க்குள் ஒரு சின்னத் துளை வழியாகப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி ஃபிரேமை உருட்டி எடுத்து, துளையை ரப்பரால் அடைத்தேன். அந்தக் குளவிக்கூடும் துருவும் மனசில் இருந்தன.

மாட்டும்போது ஏ-ஆர்ம் போல்ட் எட்டும் கையாலேயே உள்ளே போயின. முன்பு இடது பக்கம் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றினார்கள். கோணலை அன்றைக்கே அந்தத் தட்டல் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. புஷ் எல்லாம் புதுசு. பின்சக்கரத்திலிருந்து முன்னுக்கு நூல் கட்டிச் சக்கர நேரைப் பார்த்து டை-ராடை இறுக்கினேன்.

முதல் ஓட்டம் களத்திலேயே, நடக்கிற வேகத்தில், ஹேண்டில்மேல் உள்ளங்கை பட்டும் படாமலும். நேராகப் போயிற்று. "மாப்ள, நீ ஓட்டு" என்று இறங்கிக்கொண்டேன். முதலில் மாட்டேன் என்றான். பிறகு ஏறி, தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மதகு முக்கில் நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தான்.

பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கினேன். இப்போது மாதம் ஒருமுறை அந்த மூன்று மூட்டிலும் டீசல் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி ஒற்றிப் பார்க்கிறேன். இந்த முறை அவனே பஞ்சை வாங்கிச் செய்தான். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். பொடி மூன்று இடத்திலும் வெள்ளையாகவே இருந்தது.